சிரிலின் இடது கால்

இந்தக் காலத்து மனிதர்களுக்கு மூக்கு இருக்கிறது, வாய் இல்லை. சிரிலுடைய முதல் குறையே அதுதான். முன்பெல்லாம் ஒருத்தன்மேல் நாற்றமடித்தால் பக்கத்தில் உட்கார்ந்தவன் "எட்டப் போய்யா, நாறுது" என்பான். இவன் பதிலுக்கு அவனுடைய அக்குளைப் பற்றி நாலு வார்த்தை சொல்வான். அதோடு விஷயம் முடிந்துவிடும். இப்போது யாரும் சொல்வதில்லை. சிரிக்கிறார்கள். "எப்படி இருக்கீங்க அங்கிள்" என்று கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். பிறகு மின்விசிறிக்குக் கீழே போகிற சாக்கில், பின்னால் யாரையோ பார்த்துவிட்ட சாக்கில், எழுந்து போய்விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சிரில் உட்காரும் பெஞ்சில் ஒரு குடும்பமே உட்காரலாம். கொஞ்ச காலமாக அது முழுக்க அவருக்கே என்று ஆகிவிட்டது.

நாற்றம் அவருடைய இடது காலிலிருந்து வந்தது. கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண். ஆரம்பத்தில் கொசுக்கடி மாதிரி அரித்தது. சொறிந்தார். தோல் போயிற்று. போன தோல் திரும்பி வரவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

ரிச்சர்ட்ஸ் டவுன் ஓரத்தில் பன்றிக்கறிக் கடை வைத்திருந்தவர் சிரில். பன்றியை உட்கார்ந்துகொண்டு வெட்ட முடியாது. விடிவதற்கு முன்னால் வெட்டுக்கட்டைக்கு முன் போய் நின்றாரானால் வெயில் சாய்கிற வரைக்கும் நின்ற நிலைதான். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் கயிறு முறுக்கினாற்போலப் புடைத்துக்கொண்டன. நின்று பிழைக்கிறவன் காலில் நரம்பு புடைக்காமல் பூவா பூக்கும் என்று விட்டுவிட்டார். புண் வந்து, நிற்க முடியாமல் போன பிறகு கடையை விட்டார். இப்போது அங்கே செல்போனுக்கு உறை விற்கிறார்கள். அவர் பள்ளிக்கூட டீச்சரான மகள் லீனாவோடு இருக்கிறார். வீட்டில் லீனா காலையிலும் சாயங்காலமும் சாம்பிராணி போட ஆரம்பித்திருந்தாள். கேட்டால், கொசுவுக்கு என்பாள்.

ஜனவரி மாதம், மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த வாரம், பங்குக் குழுவிலிருந்து டிரேவர் வீட்டுக்கு வந்தான். நாற்பது வயதுக்காரன், ஏதோ கம்பெனியில் மேனேஜர். வந்தவன் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான். லீனா கொடுத்த கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், தின்னவில்லை. பெரிய வியாழன் விஷயமாக வந்ததாகச் சொன்னான்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம் பூசை நடுவில் சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதத்தைக் கழுவுவார். யேசு தம்முடைய சீடர்களுக்குக் கழுவினதன் நினைவாக எல்லாக் கோவிலிலும் நடக்கிற சடங்கு. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். அதில் ஒன்று சிரிலுடையது. ஆர்மோனியம் வாசித்த கிழவர் ஒருவர் செத்துப்போய், அந்த இடத்துக்கு அப்போதிருந்த சாமியார் சிரிலைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை. சிரில் பெரிய பக்திமான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவரும் சொல்லிக்கொள்ள மாட்டார். பிரசங்கம் நீண்டால் எழுந்து வெளியே போகிறவர்தான். ஆனால் அந்த நாற்காலி வேறு விஷயம். கறி வாங்க வரும் கோவில் சீமாட்டிகள் மீதிச் சில்லறையை அவர் கையிலிருந்து இரண்டு விரல் நுனியால் எடுப்பார்கள், இல்லாவிட்டால் கல்லா மேஜையில் வைத்துவிடேன் என்று கண்ணாலேயே சொல்வார்கள். வருஷத்தில் ஒருநாள், அத்தனை சீமாட்டிகளும் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளை அங்கி போட்ட சாமியார் சிரிலுக்கு முன்னால் முட்டி போட்டு அவர் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். அது போதும் அவருக்கு. மிச்ச நாளெல்லாம் எப்படியோ போகட்டும்.

"இந்த வருஷம் ரொட்டேஷன் பண்றோம் அங்கிள்," என்றான் டிரேவர். "லேடீஸ், யூத், எல்லாருக்கும் சான்ஸ் குடுக்கணும்னு கவுன்சில்ல பேச்சு."

"என் காலு நாறுதா?"

"ஐயோ, அப்படியெல்லாம் ஒன்னும் இல்ல அங்கிள்."

"நாறுதுன்னா நாறுதுன்னு சொல்லு. உங்கப்பன் என் கடைக்கு வந்து எலும்ப ஜாஸ்தி போட்டுட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சண்டை போடுவான். நீ அவனுக்குப் பொறந்தவன்தானே?"

டிரேவர் சிரித்தான். கேக்கைத் தட்டில் வைத்தான். எழுந்து நின்றுகொண்டு, "கால் மொதல்ல சரியாகட்டும் அங்கிள், அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

அகப்பட்டுக்கொண்டான் என்று சிரில் நினைத்தார். ரொட்டேஷன் என்றால் கால் பேச்சு எங்கே வந்தது?

அதுவரைக்கும் லீனா எத்தனையோ முறை கூப்பிட்டும் போகாதவர், மறுநாள் தானாகவே அவளிடம், அந்தப் புண்ணுக்கு லைட் வைக்கிற இடம் என்றாயே, எங்கே அது என்று கேட்டார். ஈஸ்டருக்குள் ஆறிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

கிளினிக் சிவாஜிநகரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. காலில் புண் உள்ளவன் ஏறுவதற்கு ஒரு மாடிப்படியை வைத்திருக்கிறானே, இவனா வைத்தியம் செய்யப் போகிறான் என்று ஒவ்வொரு படியிலும் நின்று நின்று லீனாவிடம் சொல்லிக்கொண்டு ஏறினார். உள்ளே சுவரில் பெரிய படங்கள். ஒரு பக்கம் அழுகின கால், பக்கத்தில் அதே கால் ஆறிப்போய். அதே கால்தானா என்று சிரில் கிட்டப் போய்ப் பார்த்தார். முகம் இல்லாத கால் யாருடையதாகவும் இருக்கலாம்.

டாக்டர் ஹரிஷ்குமார் சின்ன வயசு, சட்டை மடிப்புக் கலையாத ஆள். சில்லென்று ஒரு பசையைத் தடவி, சின்னக் குழாய் ஒன்றை வைத்துக் கணுக்காலில் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டார். கீழே போகிற ரத்தம் சரியாகத்தான் போகிறது, மேலே ஏறத்தான் மாட்டேன் என்கிறது, காலிலேயே தேங்கிப்போய் தோலை அழுக வைக்கிறது என்றார். லேசர் ஒளி உள்ளே இறங்கிச் சதையைத் தட்டி எழுப்பும், வாரத்துக்கு இரண்டு தடவை வர வேண்டும் என்றார். அதோடு இறுக்கமாக ஒரு கட்டும் உண்டு என்று கடைசியில் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கட்டுப் போடுகிறவள் கிருத்திகா என்ற பெண். ஆம்பூர்ப் பக்கத்துக்காரி, பொம்மனஹள்ளியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிரிலுடைய காலை மடியில் விரித்த பிளாஸ்டிக் துணிமேல் தூக்கி வைத்து, லீனாவின் பழைய துப்பட்டாவில் கிழித்த துணியை அவிழ்த்தாள். அவிழ்த்ததும் சொன்னாள்:

"நல்லா நாறுது தாத்தா. துணிய மாத்தி எத்தன நாளாச்சு?"

சிரில் அவளை நிமிர்ந்து பார்த்தார். லீனாதான் வெட்கப்பட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்தான். திரும்ப இங்கே வரலாம் என்று அவர் முடிவு செய்தது அப்போதுதான், லேசருக்காக அல்ல.

"ஓரமெல்லாம் வெந்தாப்பல இருக்கே. என்னா போட்டீங்க?"

"உப்பு."

"உப்பா?"

அதில் மறைக்க என்ன இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு முன்னால் தொடைக்கறியை உப்பு தேய்த்து, மேலே கல்லை ஏற்றி, நீர் வடியவிட்டு எடுத்தால் அது மாசக்கணக்கில் கெடாது. ஈரம் இருக்கிற இடத்தில்தான் புழு வைக்கும். அவருடைய உப்புக்கறிக்கு ஒயிட்ஃபீல்டிலிருந்து ஆள் வரும். அதே பக்குவத்தைத்தான் காலுக்கும் செய்தார். ராத்திரி உப்பு, காலையில் வெயில். எரியும். எரிந்தால்தானே மருந்து?

கிருத்திகா கையிலிருந்த பஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அது செத்த கறி தாத்தா," என்றாள். "காஞ்சாத்தான் தங்கும். இது உசுரோட இருக்குது. ஈரம் இருந்தாத்தான் வளரும். நீங்க உங்க கால உப்புக்கண்டம் போட்டுட்டு இருக்கீங்க."

லீனா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிலுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பெண்ணுக்குக் கறியைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் அன்றிலிருந்து உப்பு போடவில்லை. நம்பி அல்ல, அவள் மறுபடி பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால்.

அவள் புண்ணைக் கழுவி, மேலே படிந்திருந்த வெளுத்த சளி மாதிரியான படலத்தை வழித்தெடுத்தாள். பிறகு அவருக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டினாள், தானும் ஒன்று மாட்டிக்கொண்டாள். இரும்புக் கையில் தொங்கிய பேனா மாதிரி ஒன்றைப் புண்ணுக்கு மேலே கொண்டுவந்தாள். புண்மேல் சிவப்பாக ஒரு வெளிச்சம் விழுந்தது. சிரில் காத்திருந்தார். சுடவில்லை. குத்தவில்லை. ஒரு வாசனைகூட இல்லை. எப்போது ஆரம்பிப்பாய் என்று கேட்டார். முடியப் போகிறது தாத்தா என்றாள்.

அதன்பின் கட்டுப் போட்டாள். அதில் வலி இருந்தது. பஞ்சு மாதிரி ஒரு சுற்று, துணி ஒரு சுற்று, இழுவைத் துணி ஒரு சுற்று, ஒட்டிக்கொள்கிற துணி ஒரு சுற்று, பாதத்திலிருந்து முழங்கால்வரை, பன்றித் தொடையைச் சணலால் இறுக்குவதுபோல இறுக்கினாள். நடங்கள், உட்கார்ந்தால் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், சும்மா நிற்காதீர்கள் என்றாள். கீழே இறங்கும்போது காலில் செருப்பு நுழையவில்லை. சிரில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, டார்ச் அடிக்க ஒரு டாக்டர், துணி சுத்த ஒருத்தி, நல்ல பிழைப்புதான் என்றார்.

ஆனாலும் போனார். விடாமல் போய்க்கொண்டே இருந்தார். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நேரே கோவிலிலிருந்தே போனார். அன்றைக்குத்தான் கிருத்திகா, விளக்கை நிறுத்தாமலே குனிந்து பார்த்துவிட்டு, "பாருங்க தாத்தா, நல்லா செவப்பு தட்டிடுச்சு, புதுச் சதை வருது" என்றாள்.

சிரில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றக் கூடாது என்று அவள் விளக்கைத் திருப்பினாள்.

"அத மொதல்ல அணை."

அணைத்தாள்.

"கீழ கறிக்கடைச் சந்துல போயிருக்கியா? ஒவ்வொரு கடைலயும் கறிக்கு மேல ஒரு செவப்பு பல்பு தொங்கும். எதுக்குன்னு தெரியுமா?"

அழகுக்கு என்று நினைத்தேன் என்றாள் அவள்.

"நேத்து அடிச்சது இன்னைக்கு அடிச்ச மாதிரி தெரியறதுக்கு. வெளுத்துப்போன கறிகூட அதுக்குக் கீழ ரத்தமா நிக்கும். நானும் மாட்டியிருந்தேன். எல்லாரும்தான் மாட்டுனோம். வீட்டுக்குக் கொண்டுபோயி பாத்தாத்தான் தெரியும். நீ என் கால்மேலயே செவப்பு பல்பத் தொங்கவிட்டுட்டு செவப்பா இருக்குன்றியா?"

கிருத்திகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் வரவில்லை. அவர் உட்கார்ந்திருந்த, சக்கரம் வைத்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் ஜன்னலோரம் நிறுத்தினாள். திரைச்சீலையை ஒதுக்கி, ஜன்னல் திட்டில் ஒரு தலையணை போட்டு, அதன்மேல் காலைத் தூக்கி வைத்தாள். கீழே பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். சுத்தமான காலை வெயில் புண்மேல் விழுந்தது.

சிரில் குனிந்து பார்த்தார். முன்பு சாம்பலும் மஞ்சளுமாய் இருந்த பள்ளத்தில், மாதுளை முத்துப் பரப்பினதுபோல, ஈரமாக, சின்னச் சின்னதாகச் சிவந்திருந்தது. ஓரத்திலிருந்து மெல்லிசாக ஒரு தோல் உள்ளே இறங்க ஆரம்பித்திருந்தது. வெகுநேரம் பார்த்தார். ஆயுசு முழுக்கச் சதையைப் பார்த்த கண். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. புதுச் சதைதான்.

"ம்," என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஜன்னல்தான். கட்டை அவிழ்த்ததும் முதலில் ஜன்னல், அப்புறம்தான் மற்றது. அவள் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் அவர் கேட்டார், இது எதனால் ஆறுகிறது, லைட்டினாலா கட்டினாலா என்று. கிருத்திகா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"ரெண்டும்னு டாக்டர் சொல்வாரு."

"நீ சொல்லு."

"கட்டு இல்லாம லைட்டு மட்டும் வெச்சு ஆறி நான் பாத்தது இல்ல தாத்தா. லைட்டு இல்லாம கட்டு மட்டும் போட்டு ஆறுன ஆளுங்க இருக்காங்க. லைட்டு வெச்சா சீக்கிரம் ஆறுதான்னு கேட்டீங்கன்னா, சில பேருக்கு ஆறுற மாதிரிதான் தெரியுது. எனக்கு நிச்சயமா தெரியாது."

"அப்புறம் எதுக்கு வெக்கிறே?"

"வெக்கச் சொல்றாங்க, வெக்கிறேன்."

இந்த ஊரில் இரண்டாவது தடவையாக ஓர் ஆள் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டதாகச் சிரிலுக்குத் தோன்றியது. முதல் ஆள் யார் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. ஒருவேளை இவள்தான் முதலோ என்னவோ.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம் புண் மூடிக்கொண்டது. அந்த இடத்தில் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக, பளபளப்பாக, ரோஸ் நிறத்தில் ஒரு தோல். நாற்றம் இல்லை. லீனா ஒருநாள் மறந்துபோய் சாம்பிராணி போடவில்லை. அதை அவர் கவனித்தார். கட்டுக்குப் பதிலாக இறுக்கமான நீளக் காலுறை ஒன்றைக் கொடுத்து, எழுந்ததும் மாட்டி, படுக்கும்போதுதான் கழற்ற வேண்டும், இனி ஆயுசுக்கும் இப்படித்தான், கழற்றிவிட்டு நின்றீர்களானால் தோல் திரும்பப் பிளந்துகொள்ளும் என்றாள் கிருத்திகா.

அப்போது டாக்டர் ஹரிஷ்குமார் செல்போனோடு வந்தார். காலைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார். ஒரு சின்ன வீடியோ, இரண்டே வார்த்தை, லேசர் சிகிச்சையில் என் புண் ஆறிவிட்டது என்று சொன்னால் போதும், மற்ற பேஷண்டுகளுக்குத் தைரியம் வரும் என்றார். அவருடைய தமிழில் கொஞ்சம் கன்னடம் இருந்தது, மரியாதையாகவே கேட்டார்.

"எது ஆத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் சிரில்.

"லேசர்தான் சார்."

"கட்டு?"

"அதுவும் சப்போர்ட்டுக்கு."

"அப்ப கட்டு கட்டாத ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து பேசச் சொல்லுங்க. நான் வரேன்."

டாக்டர் சிரித்து, அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இவரும் சிரிக்கிற ஜாதிதான் என்று சிரில் நினைத்துக்கொண்டார். கிருத்திகா காலுறையை மாட்டிவிட்டாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக.

குருத்து ஞாயிறன்று பவனி முடிந்து எல்லோரும் கையில் குருத்தோலையோடு கோவில் வளாகத்தில் நின்றுகொண்டிருந்தபோது, சிரில் நேரே டிரேவரிடம் போனார். பேன்ட்டைத் தூக்கிக் காலுறையை உருட்டி இறக்கினார். இங்கே வேண்டாம் அங்கிள் என்று டிரேவர் கெஞ்சினான்.

"வெயில்ல பாரு. ஆறிடுச்சா இல்லியா?"

"ஆறிடுச்சு அங்கிள். சூப்பரா ஆறிடுச்சு."

"அப்ப என் நாற்காலி?"

டிரேவர் செல்போனைப் பார்த்தான். உண்மையில் நோயல் அங்கிளுக்குத் திடீரென்று காய்ச்சல், ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது, நீங்களே உட்காருங்கள் என்றான். சிரில் காலுறையை ஏற்றிக்கொண்டார். இடம் கிடைத்தது காலினாலா, நோயலின் காய்ச்சலினாலா? கேட்டால் இவன் உண்மை சொல்லப் போவதில்லை. கேட்கவில்லை.

பெரிய வியாழன் சாயங்காலம் நாற்காலிகள் பழைய இடத்திலேயே போடப்பட்டிருந்தன. சிரில் வந்து பார்த்தபோது அவற்றில் பாதிக்கு மேல் பெண்கள். பின்னல் போட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி, காதில் வளையம் மாட்டிய ஒரு வாலிபன், பியானோ டீச்சர் மௌரீன். அவர் வயதுக்காரர் இன்னும் ஒருவர்தான். அப்படியானால் ரொட்டேஷன் என்று டிரேவர் சொன்னது மெய்யா? மெய்யாகவே இருக்கலாம். ஆனால் ஒரு பொய்யை மெய்யாக்குவதற்காக நாலு காரியம் செய்கிறவர்களும் உண்டு. சிரில் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அந்தக் கோவிலில் வலது பாதத்தைத்தான் கழுவுவது வழக்கம். எல்லோரும் முன்கூட்டியே வலது செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவைத்திருந்தார்கள். சுவிசேஷம் வாசித்துப் பிரசங்கமும் முடிந்தபின் சிரில் குனிந்தார். இடது ஷூவைக் கழற்றினார். பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டி, இறுக்கமான காலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்துச் சட்டைப் பையில் திணித்தார்.

பின்னால் நின்ற டிரேவர் அவர் காதுக்குக் குனிந்து, "ரைட் அங்கிள், ரைட்" என்றான்.

"தெரியும்," என்றார் சிரில்.

வலது காலை நீட்டினால் என்ன பிரயோஜனம்? வலது கால் என்றைக்குமே நாறினதில்லை. எந்தக் காலுக்குப் பயந்து பெஞ்சைக் காலி செய்தார்களோ அந்தக் காலை அல்லவா ஒருத்தர் தொட வேண்டும்? தொட்டால் மட்டும் போதாது, கிட்ட வர வேண்டும். சடங்கின் கடைசியில் சாமியார் குனிந்து பாதத்தை முத்தமிடுவார். அப்போது அவர் மூக்கு கணுக்காலிலிருந்து ஒரு ஜாண்கூட இருக்காது. கிருத்திகா நாறவில்லை என்றுதான் சொன்னாள். ஆனால் அவள் கூலிக்குக் கட்டுப் போடுகிறவள். லீனா சொன்னாள், அவள் மகள். மூன்றாவதாக ஒரு மூக்கு வேண்டும்.

சாமியார் போன வருஷம்தான் மாற்றலாகி வந்தவர், இளம் வயது. மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டு வரிசையாக வந்தார். ஒருவர் தண்ணீர்க் கூஜாவும் ஒருவர் தாம்பாளமும் பிடித்து வந்தார்கள். கல்லூரிப் பெண்ணை முடித்து சிரிலுக்கு முன்னால் முட்டி போட்டவர், இடது கால் நீண்டிருப்பதைப் பார்த்து ஒரு நொடி நிதானித்தார். ரோஸ் நிறத் தழும்பைப் பார்த்தார். அதைச் சுற்றிக் கறுத்துக் கெட்டிப்பட்ட தோலைப் பார்த்தார். நிமிர்ந்து சிரிலுடைய முகத்தைப் பார்த்தார். தாம்பாளத்தை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லிக் கைகாட்டினார்.

தண்ணீர் சில்லென்று விழுந்தது. தழும்பில் படாமல் பாதத்தில் மட்டும் ஊற்றினார். துண்டால் விரலிடுக்கு வரைக்கும் ஒற்றினார். பாடகர் குழு ஏதோ பாடிக்கொண்டிருந்தது, சிரில் கேட்கவில்லை. அவர் கண்ணெல்லாம் சாமியாரின் மூக்கின்மேல் இருந்தது. சாமியார் இரண்டு கையாலும் பாதத்தை ஏந்தி, குனிந்து, முத்தமிட்டார். மற்றவர்களுக்குப் போட்டதைவிட நீளமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. மூக்கு சுருங்கவில்லை. மூச்சை அடக்கினாரா? அதுவும் தெரியவில்லை. எழுந்து, சிரிலைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நாற்காலிக்குப் போனார்.

அந்தச் சிரிப்புதான் கெடுத்துவிட்டது. சிரிக்காமல் போயிருந்தால் சிரில் நம்பியிருப்பார்.

பூசை முடிந்து வளாகத்துக்கு வந்தபோது ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். இத்தனை நாள் எட்டி நின்றவர்களெல்லாம் கிட்ட வந்து நின்றார்கள். மௌரீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, லேசர் என்றால் ரொம்ப சுடுமா என்று கேட்டாள். இன்னொருவர், எல்லாம் கர்த்தரின் செயல், தவக்காலத்து அற்புதம் என்றார். டிரேவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தன் மாமியார் வேதநாயகிக்கும் இதே மாதிரி ஒரு புண், நாலு வருஷமாக வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, அந்த லேசர் எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டான்.

"நாறுதா?" என்றார் சிரில்.

டிரேவர் அக்கம்பக்கம் பார்த்தான். "கொஞ்சம்," என்றான்.

"அவங்ககிட்ட சொன்னியா?"

"எப்படி அங்கிள் சொல்றது?"

"சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, துணிக்கடை மாடி. கிருத்திகான்னு ஒரு பொண்ணு இருக்கா. அவ சொல்லுவா. உப்பு மட்டும் போடாதீங்க."

"அப்ப லேசர்லதானே அங்கிள் ஆச்சு?"

சிரில் கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார். கோவில் வாசலில் மாட்டியிருந்த வண்ண விளக்கின் வெளிச்சத்தில் தழும்பு நல்ல நிறமாகத் தெரிந்தது. எந்தச் சதையும் அந்த வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும். பையிலிருந்த காலுறையைத் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு நேரம் அதில்லாமல் உட்கார்ந்தும் நின்றும் ஆயிற்று. கணுக்காலில் லேசாக ஒரு கனம் ஏறியிருந்தது. வீட்டுக்குப் போய், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, காலையில் ஜன்னலோரம் பார்க்க வேண்டும்.

"எனக்குத் தெரியாது," என்றார்.

டிரேவர் அவரோடு கேட் வரைக்கும் வந்தான். பிறகு சொன்னான், "அங்கிள், நெசமாவே அது ரொட்டேஷன்தான். உங்க கால் விஷயமே கவுன்சில்ல யாரும் பேசல. மாதா சத்தியமா."

சிரில் அவன் முகத்தைப் பார்த்தார். கேட்டுக்கு மேலிருந்த விளக்கு மஞ்சளாக இருந்தது. அதில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. "ம்," என்றார். சுருட்டின பேன்ட் காலோடு, காலுறை இல்லாத இடது பாதம் ஷூவுக்குள் வழுக்க, வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். பின்னால் டிரேவர் குட் நைட் சொன்னான். சிரிக்கிற குரலாக இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.